மருமகளிடம் கணக்குப் படித்த கறாரக்கா

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்குக் கறாரக்கா என்று பெயர். விரிப்பில் சின்னக் கறை மிச்சமிருந்தாலும் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். யார் சிபாரிசுக்கும் மசியமாட்டார். அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் மாலைக் கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தபோது கூடமே வாயைப் பிளந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடித்த ஒரே பாடம் கணக்குதான். கல்யாணம், பிள்ளை, வேலை என்று மேற்படிப்பு தள்ளிக்கொண்டே போனது. மகன் கல்யாணமும் முடிந்ததும், இனி யாருக்காகக் காத்திருப்பது என்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் தேர்விலேயே மண்ணைக் கவ்வினார்.

யாரிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்கத்தான் மனம் வரவில்லை. மருமகள் கணிதத்தில் முதுகலை முடித்தவள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவள் துண்டு மடிக்கும் அழகைக்கூடக் குறை சொல்லித் திருத்திய மாமியார், இப்போது எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது? மருமகளும் வாயைத் திறக்கவில்லை. வலியப் போய்ச் சொல்லிக்கொடுத்தால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

ஒரு விடுமுறை நாள் காலையில், காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் பக்கத்தில் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார் கறாரக்கா.

"இந்தப் புத்தகம் பொய் சொல்லுது."

மருமகள் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒன்று, அதோடு இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால், கூட்டுத்தொகை எந்த எல்லைக்குள்ளும் அடங்காது என்று போட்டிருந்தது.

"போகப்போகத் தேஞ்சுபோற எண்ணைக் கூட்டினா எங்கேயாவது நின்னுதானே ஆகணும்?"

"நிக்காது அத்தை."

"ஏன் நிக்காது?"

"நான் சொல்லிட்டா அது உங்களுக்கு ஒட்டாது. நீங்களே யோசிங்க." சொன்ன பிறகுதான் மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கறாரக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் பிசகில்லை என்றும் பட்டது. "சரி. கணக்கு நேரத்துல நான் உனக்கு அத்தை இல்ல. தப்புன்னா தப்புன்னு சொல்லிடு," என்றார்.

அந்த வார்த்தையை மருமகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். 'இந்த வரியிலேர்ந்து அந்த வரிக்கு எப்படி வந்தீங்க?' என்று குடைந்தெடுத்தாள். அரைகுறையாக எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடித்தாள். மகன் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தான். ஒரு நாள் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு, "இது என் மண்டையில ஏறாது!" என்று கறாரக்கா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதே கணக்குக்கு நானும் ஹாஸ்டல்ல உக்காந்து அழுதிருக்கேன் அத்தை. மூணுல ஒண்ணையும் நாலுல ஒண்ணையும் மட்டும் சேர்த்துப் பாருங்க. எதைவிடப் பெருசா வருதுன்னு யோசிங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்."

அடுத்த நாள் வேலைக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அது பளிச்சென்று விளங்கியது. உடனே மருமகளுக்குப் போன் போட்டார்.

"மீட்டிங்ல இருக்கேன் அத்தை..."

"அது கிடக்கட்டும், கேளு! மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணைவிடப் பெருசு. அப்போ ரெண்டும் சேர்ந்தா அரைக்கு மேல. அடுத்த நாலு எண்ணுல எதுவுமே எட்டுல ஒண்ணுக்குக் குறையாது. அதுவும் சேர்ந்து அரைக்கு மேல. அரை அரையா வந்துக்கிட்டே இருக்கும்டி, நிக்கவே நிக்காது!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் மருமகள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"அடுத்து எத்தனை எண் சேர்ப்பீங்க?"

"எட்டு."

"அதுக்கப்புறம்?"

"பதினாறு. எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம்."

"எங்கேயும் ஓட்டையே இல்ல அத்தை," என்றாள் மருமகள். கறாரக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. வெயிலில் திரும்பி நடந்துவந்தபோதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆண்டுத் தேர்வில் அவர் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். சலவைக்கூடத்தில் செய்தி சொன்னபோது, எவ்வளவு வாங்கினார் என்பது கடைசியில்தான் வந்தது. "என் மருமக சொல்லிக்கொடுத்தா" என்றுதான் தொடங்கினார். அன்று மாலை அவரை அழைத்துப்போக வந்தவளை, துணி மடிக்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டு புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். கறாரக்கா அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது, அடுத்த ஆண்டு மேட்ரிக்ஸ் என்னும் அணிகளைப் பற்றிய பாடம் பெரிதாக வருகிறது என்றார்.

"ஐயோ, அதுல நான் சுமார்தான் அத்தை."

"அதனால என்ன? சேர்ந்து படிப்போம்," என்று சொல்லிக்கொண்டே கறாரக்கா எட்டி நடை போட்டார்.