துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்பு மண்டபம்

தை மாதக் கடைசியில், அறுவடை முடிகிற நேரம், துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். வவுனியாவில் எனக்கு ஹாட்வெயார் கடை இருக்கிறது. அந்த ஊரார் கலை மண்டபம் கட்டப் போகிறார்கள், கூரைத் தகட்டுக்கு விலை சொல்ல வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். யாவாரத்துக்குப் போனதைச் சுற்றுலா என்று எழுத எனக்கு வராது. ஆனாலும் திரும்பி வந்தபோது ஏதோ கனவுக்குள் போய் வந்தவன் போலத்தான் இருந்தேன்.

காலை ஆறரைக்குக் கிளிநொச்சி பஸ். ஓமந்தை தாண்டியதும் இரு பக்கமும் பனி. வெட்டிய வயல்களுக்கு மேலே அது அசையாமல் நின்றது. மாடுகளின் முதுகு மட்டும் மிதந்து போனது. மாங்குளம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். அங்கிருந்து ஓட்டோக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார், இரண்டாயிரத்துக்கு இறங்கினார். நீங்களும் பேசிப் பாருங்கள்.

"அண்ணை என்ன யாவாரம்?" என்றார் ஓட்டோக்காரர்.

"தகரம்."

"அப்ப மண்டபக் கூட்டத்துக்குத்தான். கெதியா முடியாது. அது பேருக்குத்தான் ஒரு ஊர், உள்ளுக்க ரெண்டு கூத்து."

போகிற வழியில் விளக்கினார். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் பாதி, மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பாதி. முதற்பாதியினர் ஆடும் கூத்தை மழை அடிக்கடி குழப்புவதால் அவர்களுக்குக் கூரை வேண்டும். மற்றவர்களுடையது காமன் கூத்து. மாசியில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனுமாக ஆடி, முடிவில் காமனை எரிப்பார்கள். எரிக்கிற இடத்துக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும்.

குளக்கட்டுக்குக் கீழே பெரிய வெளி. பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த பெண் உத்தியோகத்தர், வரைபடத்தைக் காட்டினால் ஒருவருக்கும் விளங்காது என்று, மண்டபத்தைச் சுண்ணாம்புத் தூளால் நிலத்திலேயே முழு அளவில் கீறியிருந்தார். சுவர் ஒரு வெள்ளைக் கோடு, வாசல் ஓர் இடைவெளி. வந்தவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டாமல் சுற்றிப் போய் வாசலால் நுழைந்தார்கள். ஒருவர் செருப்பையும் கழற்றினார். இல்லாத மண்டபத்துக்குள் கதிரை போட்டு இருந்து, இல்லாத மேடையைப் பார்த்தோம். நானும் அண்ணாந்து இல்லாத கூரையை அளந்தேன்.

அப்போது முத்துலெட்சுமி எழுந்தார். காமன் கூத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். மண்டபக் குழுத் தலைவர் சிவபாதத்தைப் பார்த்து, "ஐயா, நீங்க கதிர போட்டிருக்கிற எடத்துலதான் எங்க கம்பம் நிக்கும்" என்றார்.

சிவபாதம் திகைத்துப் போனார். "இது சும்மா கிடக்கிற காணியெல்லே பிள்ளை? சுத்திவர ஒரு கதியால்கூட இல்லையே."

"வேலி போட்டா கூத்துக்கு ஆளு எப்படிங்க வரும்?"

கதியால் என்றால் வேலிக்கு நடும் தடி. குடாநாட்டுக்காரருக்கு வேலி இல்லாத நிலம் சொந்தக்காரர் இல்லாத நிலம். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். வெளியைக் கண்டவுடன் எனக்கும் வெறுங்காணி என்றுதான் பட்டது. தோட்டத்து லயத்து அறைகளில் வாழ்ந்து வந்தவர்களுக்கோ அடைக்க ஒரு துண்டு நிலமும் இருந்ததில்லை. அந்த இடத்தில் கம்பத்தைத் தவிர ஒன்றும் நடாமல் விட்டதே அவர்கள் அதற்குக் கொடுத்த மரியாதை.

உத்தியோகத்தர் தயக்கத்தோடு சொன்னார்: "இண்டைக்கு எல்லாரும் ஒரு இடத்துக்கு ஓமெண்டால்தான் நான் எழுதலாம். இல்லாட்டி உந்த வேலை வேற ஊருக்குப் போயிடும்."

"போகட்டுங்க. மண்டபம் இல்லாம ஆடியிருக்கோம். இந்த எடம் இல்லாம ஆடினதில்ல" என்றார் முத்துலெட்சுமி.

"அப்ப மழைக்க நனைஞ்சு ஆடுங்கோ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நனைஞ்சா காமன் எரிய மாட்டான். நீங்க வந்து ஊதி விடுங்க!"

சிரிப்பு அடங்கியதும் என்னிடம் திரும்பினார்கள். "முதலாளி, கூரையில ஒரு ஓட்டை விடேலாதோ?"

"விடலாம். மற்ற மாதமெல்லாம் அதுக்குள்ளால மழை வரும்" என்றேன்.

"அப்ப மண்டபத்தையே அங்கிட்டுத் தள்ளுங்க" என்று முத்துலெட்சுமி வடக்கே கை காட்டினார். எல்லாரும் பார்த்தோம். அங்கே நெருக்கமான கிளுவை வேலி நின்றது. சிவபாதத்தின் வேலி. அவர் தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார், வேலிக்கு அப்பால் தன் வீட்டுக்குள் போனார், கத்தியோடு வந்தார்.

"நாலைஞ்சு கதியால்தானே. மனிசி கேட்டால் மாடு முறிச்சதெண்டு சொல்லுங்கோ."

"எந்த மாடெண்டு எனக்குத் தெரியும்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் பதில் வந்தது.

பழைய கோடுகளைக் காலால் தேய்த்து அழித்து, அரைவாசி அவர் காணிக்குள் விழும்படி சற்றுச் சிறிய புது மண்டபம் கீறினார்கள். முன்சுவரே வேண்டாம், வெளியைப் பார்த்தபடி திறந்திருக்கட்டும் என்று முடிவானது. மழைக்கு உள்ளே ஒரு கூத்து, மாசிக்கு வெளியே மற்றது. மண்டபம் சிறுத்ததில் எனக்குத் தகடு குறைந்ததுதான். ஆனால் சண்டையில் நிற்கிற கட்டிடத்துக்குக் கூரையே ஏறாது; இது ஏறும்.

வெயில் சாய, வைக்கோல் தூசி பொன்னாகத் தொங்கியது. வெட்டிய கதியால்களை ஒருவர் பழக்கத்தில் புதுக் கோட்டோரம் ஊன்றத் தொடங்க, முத்துலெட்சுமி கத்தினார்: "அண்ணே, கை சும்மா இருக்காதா?" ஊன்றியவர் அவற்றைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். சுவரில்லாத அந்த முன்பக்கத்தில் கதிரையில் இருந்து, எழும்ப மனமில்லாமல் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக விரும்புகிறவர்கள் மாசியில் போங்கள். கம்பம் நடும் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள். திரும்ப ஓட்டோவுக்குப் பேசி வைத்துவிட்டே இறங்குங்கள், பிறகு பிடிப்பது கஷ்டம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: வேலி இல்லாத வெளியைக் கண்டால், நிறுத்த முன் யாரிடமாவது கேளுங்கள்.