உப்புக்கண்டத்துக்குக் காவல்

போன வாரம் மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பின்னால் ஒரு பாக்கெட் இருந்தது. உள்ளே ரோஜா நிறத்தில், விரல் விரலாக, ஒரே அளவில் அடுக்கிய இறைச்சி. பெரியவன் வாங்கி வைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். பத்தாவது வரை படித்த எனக்குப் புரிந்தது இறைச்சி, உப்பு என்ற இரண்டு சொல்தான். மற்றதெல்லாம் லாரி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஓடியது. பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கறி என்றால் ஏதாவது ஒரு வாசம் இருக்க வேண்டாமா?

"அப்பாவுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்" என்று சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளா. ஆனால் இந்தக் குணம் என்னோடு பிறந்ததில்லை. பெண் எடுத்த வீட்டில் ஒட்டிக்கொண்டது. உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவை நீங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். பெரியவன் அவர் மடியில் கிடந்தவன், ஆனால் அவனுக்கு நினைவிருக்காது.

தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, வாசல் நிலையில் நின்று வாதி பிரதிவாதி பெயரை மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. அவர் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவனும் எழுந்து வருவான் என்பார்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆயுசு முழுக்கப் பொய்ச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு, வாய் திறக்கிற எல்லோரையும் அவர் கூண்டில் ஏற்றிவிடுவார். பால்கோவா வாங்கப் போனால் பால் எந்த ஊர் மாட்டினுடையது என்று கேட்பார். எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது, நான் மில்லில் இருப்பதை வேறு யார் வந்து சொல்லுவார்கள் என்று கேட்டார். கூட வந்த என் சித்தப்பா போதவில்லையாம், அவர் சொந்தக்காரராம்.

கறிக்கடையிலும் அப்படியே. அந்த நாளில் உரித்த ஆட்டை முழுசாகத் தொங்கவிடும்போது வாலை மட்டும் முடியோடு விட்டுவைப்பார்கள். குட்டை வால் என்றால் வெள்ளாடு, தொங்கு வால் என்றால் செம்மறி. தாத்தா வாலைத் தொட்டு, திருப்பி, சில சமயம் இழுத்தும் பார்ப்பார். வேறு ஆட்டின் வாலை ஒட்டவைத்திருப்பார்களோ என்று.

கறிக்கடை என்றதும் எனக்கு மஞ்சளும் உப்பும் வெயிலும் கலந்த ஒரு வாசம் வந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவில் தாத்தா வீட்டு மொட்டை மாடி வாசம் அது. மீந்த கறியை நீளத் துண்டாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய் வற்றல் பொடியும் பிசறி, கோணி ஊசியால் சணலில் கோத்து, இரண்டு ஆணிக்கு நடுவே கொடியாகக் கட்டுவாள் அத்தை, தாத்தாவின் வீட்டுக்காரி. தேக்குச் சுள்ளி போலக் காய்ந்ததும் பானைக்குள் போகும். அதுதான் உப்புக்கண்டம். எண்ணெயில் போட்டால் தெருவே பழைய சோற்றைத் தேடும். மாடிக்குப் போகிறவர்கள் பாதி காய்ந்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு இறங்குவது அந்த வீட்டு வழக்கம். புது மாப்பிள்ளை, நானும் பழகிவிட்டேன்.

தாத்தாவுக்குப் பிரஷர் என்று தெரிந்தது எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். கோர்ட்டில் ஒரு பெயரை இரண்டாம் தடவை கூப்பிடும்போதே தலை சுற்றி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். காலும் வீங்கியிருந்தது. அதே கோர்ட்டில் இன்னொரு டவாலிக்கு இப்படித்தான் ஆரம்பித்து ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாயும் கோணிப்போயிருந்தது. கூப்பிடுவதே பிழைப்பான மனுஷனுக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? உங்கள் அம்மா இங்கே ராஜபாளையத்தில் இருந்துகொண்டு தினமும் அதைச் சொல்லி அழுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த டாக்டர் நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டவர். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆட்டுக்கறியை விடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றார். தாத்தா தெருவுக்கு வந்ததும் என் தோளைத் தொட்டார்.

"இவரு கறியவே பார்த்திருக்க மாட்டாரு மாப்ளே. நான் திங்காம போனா இவருக்கு என்ன நட்டம்? இந்தச் சாட்சி செல்லாது."

தாத்தாவுக்குச் செல்லாவிட்டாலும் அத்தைக்குச் செல்லுபடியானது. குழம்புக்குக் கறி எடுப்பதை நிறுத்தினாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள். மாசங்கள் போயின. பிரஷர் இறங்கவில்லை, கால் வீக்கம் வற்றவில்லை. வீட்டில் விசாரணை ஆரம்பமானது. கோர்ட்டுக்கு எதிர்த்த கடையில் ஈரல் வறுவல் தின்கிறார் என்று அத்தைக்குச் சந்தேகம். அத்தைதான் மனசு இளகிப் போடுகிறாள் என்று உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம். ராஜபாளையம் வந்தால் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போவது நான்தான் என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். மாத்திரையே போலி என்று தாத்தாவுக்கு. எங்கள் தலைக்கு மேலே மாடியில், காயவைக்க மட்டும் எடுத்த கறி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் தாத்தாவே ஒரு வழி சொன்னார். கறி தின்கிற டாக்டராகப் பார்க்க வேண்டும், அவர் சொன்னால் கேட்பேன் என்றார். நான் ராஜபாளையத்தில் எனக்குப் பழக்கமான கறிக்கடை பாயிடம் விசாரித்தேன். அவர் ஒரு டாக்டரைச் சொன்னார், ஞாயிறு தவறாமல் வருவாராம். தாத்தாவுக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, கடைக்கு எதிர்த்த டீக்கடையில் என்னையும் உட்காரவைத்தார். டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார், ஒயர் கூடையில் வாங்கிக்கொண்டு போனார். தாத்தா எழுந்து நேரே பாயிடம் போனார்.

"ஏன் பாய், இந்த ஊர்ல நாய்க்குக்கூடக் கறி வாங்குவாங்களே. அவரு யாருக்கு வாங்குதாரு?"

பாய் கத்தியை நிறுத்தாமலே, "நாய் தொடைக்கறியில கொழுப்பு வேண்டாம்னு பார்த்துக் கேக்குமா அண்ணாச்சி?" என்றார்.

அந்தப் பதிலில் தாத்தா அசந்துபோனார். மறுநாள் சாயங்காலமே அந்த டாக்டரிடம் போனோம். அவர் பிரஷர் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தொட்டுக்கொள்ள என்ன என்று வரிசையாகக் கேட்டார். கூண்டில் நின்று தாத்தாவுக்குப் பழக்கமில்லை. உள்ளதைச் சொன்னார்.

"பழைய சோறு. ரெண்டு துண்டு உப்புக்கண்டம்."

"கறியை விட்டுட்டேன்னீங்களே?"

"அது காஞ்சதுல்லா டாக்டர். வெயில்ல ரத்தம் பூரா வத்திருது. ரத்தம் இல்லாதது ரத்தத்தை என்ன செய்யும்?"

நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. சிவப்பு இருந்தால்தான் சூடு, காய்ந்து கறுத்துவிட்டால் அது சுண்டைக்காய் வற்றலோடு சேர்த்தி.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தம் வத்திருச்சு, சரி. உப்பு எங்க போச்சு?" என்று கேட்டார். எப்போதாவது கொழுப்பில்லாமல் அன்றைக்கு வெட்டின கறியில் ரெண்டு துண்டு சமைத்துத் தின்றாலும் பரவாயில்லை, இதைத் தொடவே கூடாது, நானும் தொடுவதில்லை என்றார் டாக்டர்.

தாத்தா விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பிறகு, "தனக்கு நட்டமாவுறதைச் சொல்லுதாரு. நம்பலாம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. அதற்கப்புறம் மாடிக் கொடியில் வேட்டிதான் காய்ந்தது. கால் வீக்கம் வற்றியது, பிரஷரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அடுத்த கோடையில் உங்கள் அம்மா பெரியவனை உண்டாகி அங்கே போயிருந்தாள். சோறு இறங்கவில்லை, உப்புக்கண்டம் ஒன்றுதான் நாக்குக்குக் கேட்டது. அத்தை மறுபடி கோத்துக் கட்டினாள். காக்காய்க்கு யார் காவல் என்ற பேச்சு வந்தபோது, நான் இருக்கேன் என்றார் தாத்தா.

"பாலுக்குப் பூனை காவலா?" என்றாள் அத்தை.

அவர் குடையும் கம்புமாக ஏறிப்போனார். பகல் முழுக்க அந்த வாசத்துக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனபோது ஒரு காக்காயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலில் விரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கொடியோடு இறங்கி வந்தார். அத்தை படியிலேயே மறித்தாள்.

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். வலது கையை வாங்கி முகர்ந்தாள்.

"மணக்கு."

"ஏட்டி, திருப்பிப் போடாம ஒரு பக்கமாவா காயும்? காவலுக்கு இருந்தவன் கை மணக்காம என்ன செய்யும்?"

அவள் கையை உடனே விடவில்லை. சேலைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். அவர் தின்றாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தின்றிருந்தால் வாயும் மணக்குமே, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து பேசியிருப்பாரா என்று ஒரு பக்கம் தோன்றும். சந்தேகம் வராதபடி அப்படி வாயைத் திறந்து பேசுகிறவர்தான் விவரமானவர் என்று இன்னொரு பக்கம் தோன்றும். பாருங்கள், அவர் குணம் என்னை விடவில்லை.

பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று தடவை மெல்லச் சொல்லச் சொன்னார்கள். தாத்தாவுக்கு மெல்லச் சொல்லத் தெரியாது. கோர்ட்டு வாசலில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டார். பெரியவனே, நீ வீறிட்டு அழுதாய். உங்கள் அம்மாவும் அழுதாள், அது வேறு அழுகை. உனக்கு நடக்க வருவதற்குள் ஒரு மழைக்கால ஜுரத்தில் அவர் போனார். கடைசி வரை குரல் இருந்தது, வாய் கோணவில்லை.

அந்த வீட்டை விற்றாயிற்று. மாடியில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஆணி இரண்டையும் யார் பிடுங்கினார்களோ. கடைகளில் கறியை வெட்டி, பையில் கட்டியே தருகிறார்கள், வாலைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. இந்த மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை வழக்கமாகத் தின்றால் பிரஷர் மட்டுமில்லை, குடலில் புற்றும் வரலாம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். சொல்கிறவர் அதைத் தின்கிறவரா என்று நான் விசாரிக்கவில்லை. உப்பு எங்கே போச்சு என்ற கேள்வி ஒன்றே எனக்குப் போதும்.

அன்றைக்கு அந்தப் பாக்கெட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் அதில் பாதி காணோம். பெரியவனே, நீ சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாய். குனிந்து உன் கையை முகர்ந்து பார்த்தேன். எதுவும் மணக்கவில்லை.