கச்சான் மச்சானான பாட்டு

காலை ஒன்பது நாற்பதுக்குப் பரமக்குடியில் பேருந்தை விட்டு இறங்கியதும், சிடி கடை வாசலில் என்னைப் பெற்ற அய்யாவின் பாட்டுக்குழுப் படத்தைப் பார்த்தேன். அதில் அய்யா இல்லை. கடைக்குள் ஓடிய சிடியில் அவர் எழுதிய பாட்டை வேறொருவர் பாடிக்கொண்டிருந்தார்.

அய்யா அதை எழுதியபோது எனக்குப் பத்து வயதிருக்கும். "கச்சான் வருது, படகை இழு" என்று, கச்சான் என்கிற மேல்காற்றுக்குப் பயந்து எழுதிய பாட்டு அது. மதுரை கேசட் தயாரிப்பாளர் எங்கள் வாசலிலேயே வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"கச்சான்னா யாருக்குண்ணே புரியும்? மச்சான்னு வைங்க. ஒங்க குரலும் கரகரங்குது, வேற ஆள் பாடட்டும்."

"காத்து எப்படிய்யா மச்சானாகும்?" என்றார் அய்யா.

"ஒன் தங்கச்சியக் கட்டிக்குடு, ஆயிரும்ல" என்றார் குழுவின் டோலக்காரர். மற்றவர்களும் சிரித்தார்கள்.

கேசட் நன்றாக விற்றது. அடுத்த திருவிழாவில், கச்சானை அறிந்த எங்கள் ஊர் அக்காள்மடத்து மீனவர்களே மச்சான் பாட்டைக் கேட்டார்கள். அய்யா மச்சான் என்றே பாடினார்.