பாட்டுக்குள் போன விண்கலம்

சகாயராணி கம்ப்யூட்டர் மேல் காதைச் சாய்த்து வைத்திருக்கிறார். உள்ளே கீ, கொர்ர் என்று இரைச்சல். நமக்குத்தான் அது இரைச்சல். அவருக்கு, கேசட்டிலிருந்து கம்ப்யூட்டர் ஆட்டம் ஒழுங்காக ஏறுகிறது என்ற நல்ல சேதி. நடுவில் கரண்ட் ஒரு துள்ளுத் துள்ளினால் மறுபடி முதலிலிருந்து. "யாரும் மிக்சி போடாதிய, லோடாவுது!" என்று குரல் கொடுப்பார். தாராவியில் எங்கள் சந்தில் அது ஏறி முடியும்வரை சட்னி அரைபடாது.

தோல் பை பட்டறையில் பில் போடுவது அவர் வேலை. மாட்டுங்காவில் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸை மூடியபோது ஓசியில் கிடைத்தது இந்தப் பழைய பெட்டி. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடக்கம். பின்னால் ஒரு தொந்தி டிவி, பக்கத்தில் டேப் ரெக்கார்டர்.

ஆட்டத்தில் படமே கிடையாது. வேற்றுக் கிரகத்தில் விழுந்து கிடக்கும் விண்கலத்தைக் கிளப்பிப் பூமிக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் தட்ட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. "கதவச் சாத்து." "சோத்தத் தின்னு." அதற்கு மேல் பேச்சு இல்லை.

கூட வேலை பார்க்கும் சஃப்ரீன் ஒருநாள், "அக்கா, இதுக்கு ஆன்சர் பூரா கூகுள்ல இருக்கு" என்று போனை நீட்டினாள். "அப்ப ஒம் புள்ளையயும் கூகுளே பெத்துத் தரட்டும்டி" என்று சகாயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் அவளோடு டீ குடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கிரகத்தின் குகைகள் இடம் மாறிவிடும். அதனால் விட்ட இடத்தை வேறொரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டே வந்தார். எத்தனையோ வருஷம் செத்துச் செத்துப் பிழைத்து, இந்த டிசம்பரில்தான் எரிபொருளோடு கலத்துக்குள் ஏறியிருந்தார். கதவை மூடிக் கிளப்புவது மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கிளப்புவதாக இருந்தார்.

அவர் கணவர் வேதமுத்து எங்கள் அன்பியத்தின், அதாவது கோயில் தெருக்குழுவின், பாடற்குழுத் தலைவர். கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிக்குப் புது மெட்டு தயார். போனில் பதிய மாட்டார். "வாட்ஸப்புல போயிரும். அடுத்த அன்பியத்துக்காரன் அப்படியே அமுக்கிருவான்" என்பார். கேசட்தான் பத்திரம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு அகப்பட்ட ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கீ, கொர்ர் என்றது. மேலே 'தொடாதே' என்று எழுதியிருந்தது. இருந்தும் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பதிந்து வைத்த ஆட்டம் ஏறவே இல்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு டேப்பை ஓடவிட்டார் சகாயராணி. ஆர்மோனியம், ஜால்ரா, நடுவே கணவரின் "ஒன், டூ, த்ரீ!"

"கெட்டுப்போன டேப்புன்னு நெனச்சேன் ராணி. தொடாதேன்னு நீ பிஸ்கட் டப்பாவுலயும்தான எழுதி வச்சிருக்க? வெளையாட்டுதான, திரும்ப ஆடிக்க."

விளையாட்டுதானாம்! அவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எனக்கே பொறுக்கவில்லை. கிரிக்கெட் நடக்கும்போது யாராவது விளையாட்டுதானே என்று டிவியை அணைத்துப் பார்க்கட்டும், வீடு இரண்டாகும். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து ஆடினால் மட்டும் அது குப்பை.

"ஒங்க பாட்டு வேதம். எம் பாடு குப்ப. என்ன?" என்றார் சகாயராணி. அழுவார் என்று நினைத்தேன். முதலிலிருந்து ஆட்டத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். குகைகள் மாறிவிட்டிருந்தன. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

சாயங்காலம் பாடற்குழு முழுவதும் வீட்டுக்குள் வந்து நெருக்கி உட்கார்ந்தது. இரண்டாவது சரணத்தின் மெட்டு யாருக்கும் நினைவில்லை. வேதமுத்து, பாட்டுக் கேசட்டுகள் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த டேப்பக் கொஞ்சம் குடு" என்றார்.

சகாயராணி அதை ஆரம்பத்துக்குச் சுற்றி, ஒயரை மாட்டி, பதிவதற்கான சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினார்.

"ஏ ராணி! அதுல பாட்டு இருக்குட்டி!"

அவர் திரும்பவில்லை. அன்று ஆடியது பதிந்து முடியும்வரை விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தார். பிறகு கேசட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் யாரும் அதில் மறுபடி எதையும் பதிய முடியாது. கொண்டை ஊசியை உருவி அதை நெம்பி உடைத்தார். தூளை ஊதினார். ஆட்டம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. அடுத்துப் பதிய வேறு கேசட் வேண்டும். கணவரின் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து, கையை நீட்டினார்.