மண்டியிட்ட டாக்டருக்கு என் அப்பாவின் முகம்

ஒனோரே கப்ரோல் செய்த சிலைகள் எங்கள் லோத் ஆற்றங்கரையோரம் இருபத்தாறு ஊர்களில் இருக்கின்றன. பாரிஸில் ஒன்றுகூட இல்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கல் உடைப்பவரின் மகனாகப் பிறந்து, துலூஸுக்குப் போய் ஐந்து வருடம் சிற்பம் படித்து, தாடியோடும் நோயேலி என்ற மனைவியோடும் ஊர் திரும்பியவர். எங்கள் ரொட்டிக்கடை அடுப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய பட்டறை. குளிர்காலத்தில் களிமண் உறையாமலிருக்க எங்கள் அடுப்புச் சூட்டை நம்பித்தான் அந்த இடத்தைப் பிடித்தார் என்று அப்பா சொல்வார். என் அப்பா மத்தூரனும் அவரும் ஞாயிறுதோறும் சீட்டாடுவார்கள், ஞாயிறுதோறும் சண்டை போடுவார்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

எனக்கு எட்டு வயதானபோது, 1909-ல், ருக்கெரோல் டாக்டருக்குச் சதுக்கத்தில் வெண்கலச் சிலை வைக்க ஊர் முடிவு செய்தது. 1854 காலராவின்போது, வசதி உள்ளவர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஓடியபோது, வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். கடைசியில் அதே நோயில் முப்பத்து மூன்று வயதில் செத்துப்போனார். சிலை செய்யும் வேலை ஒனோரே மாமாவுக்கு வந்தது. ஆனால் டாக்டருக்குப் படம் எதுவும் கிடையாது. கிழவர் ஒருவர் தாடி உண்டு என்றார், இன்னொருவர் கிடையவே கிடையாது என்றார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

கடைசியில் மாமா மெலானியிடம் போனார். ஆற்றுத்துறையில் துணி வெளுப்பவள். காலரா வந்தபோது அவளுக்கு ஆறு வயது.

“முகமெல்லாம் ஞாபகம் இல்லப்பா,” என்றாள் மெலானி. “எங்க வீட்ல நாற்காலி இல்ல. கட்டில் பக்கத்துல மண்டி போட்டுத்தான் பாப்பாரு. மோவாய்க்குக் கீழ கைய வெப்பாரு. வினிகர் வாசனை அடிக்கும். ‘நாக்க நீட்டு கண்ணு’ன்னுவாரு. அவ்ளோதான்.”

மாமாவுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. களிமண்ணில் ஒரு மனிதனை மண்டியிட வைத்தார். வலது கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேல்நோக்கி, ஒன்றும் ஏந்தாமல். நோயாளிக் குழந்தை ஒன்றைச் சேர்த்துச் செய்யவில்லை.

மேயருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மனத்தில் இருந்தது, நீளக் கோட்டு போட்டு, விரலை நீட்டி, உயரத்தில் நிற்கும் டாக்டர். “ஏழடி பீடத்து மேல மண்டி போட வெக்கிறியே. யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு?” என்று கேட்டார்.

“பீடமே வேணாங்க மேயர் ஐயா,” என்றார் மாமா. “தரையிலேயே வெச்சிடலாம்.”

சிலைக் கமிட்டி முழுவதும் பட்டறைக்கு வந்து ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்த அன்று, மெலானியும் துணிக்கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். சிலைக்கு முன்னால் குனிந்து, அறுபத்தொரு வயதுக்காரி, தன் மோவாயை அந்தக் களிமண் கையில் வைத்தாள். வேண்டுமென்றே செய்தமாதிரி இல்லை. பிறகு நிமிர்ந்து, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேயர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி நின்றார். சரி, ஒரே ஒரு படி உயரமாவது வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்போது முகம் இன்னும் முடிந்திருக்கவில்லை; அது யாருடைய முகமாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. திறப்பு விழாவில் துணியை இழுத்ததும் முதலில் சிரித்தது என் அம்மாதான். பிறகு சதுக்கமே சிரித்தது. அங்கே மண்டி போட்டிருந்தவர் என் அப்பா. அதே அகல நெற்றி, ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு, ரொட்டி வெந்துவிட்டதா என்று அடுப்புக்குள் குனிந்து பார்க்கும் அதே பார்வை. ஞாயிறுதோறும் சீட்டுக்கட்டுக்கு மேலாக மாமா அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டி வாங்க வந்தவர்கள் நாக்கை நீட்டினார்கள். வைத்தியரே, பசி எடுக்கிறது என்றார்கள். இரண்டு வருடம் அவர் மாமாவோடு பேசவில்லை. அம்மா என் கையில் ரொட்டியைக் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்புவாள். நோயேலி அத்தை சமையலுக்கு ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பைத் திருப்பி அனுப்புவாள். ஆண்களுக்குத் தெரியாமல் இரண்டு வீடும் ஒழுங்காக நடந்தது.

பிறகு ஒரு சந்தை நாள். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி மூச்சுத் திணறும் குழந்தையோடு ஊருக்குள் வந்தாள். சதுக்கத்தில் சிலையைப் பார்த்தாள். நாலு எட்டு வைத்ததும், மாவு படிந்த வெள்ளை அங்கியோடு கடை வாசலில் நின்ற அதே முகத்தைப் பார்த்தாள். அவர்தான் டாக்டர் என்று நினைத்து, குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டாள். நான் ரொட்டி சுடுபவன் என்று சொல்ல அப்பா நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெரு டாக்டர் வீட்டுக்கு ஓடினார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றாராம் டாக்டர்.

அப்பா வீட்டுக்கு வராமல் நேராகப் பட்டறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்க என்னை?” என்றார்.

மாமா உளியைக் கீழே வைத்தார். “உட்காரு. மூச்சு வாங்கிக்க முதல்ல.”

அந்த ஞாயிறு மறுபடி சீட்டாடினார்கள், மறுபடி சண்டை போட்டார்கள்.

1918-ல் பெரிய யுத்தம் முடிந்தபின் ஒவ்வொரு கிராமமும் போரில் செத்த பிள்ளைகளுக்கு நினைவுச்சின்னம் கேட்டது. மாமா பத்தொன்பது செய்தார். ஏழு ஊர்களில் தலை குனிந்து அழும் பெண் சிலைக்கு நோயேலி அத்தைதான் மாதிரியாக நின்றாள். “ஏழு ஊர்ல வெறுங்காலோட நிக்கிறேன். ஒரு ஊர்லயாவது ஒரு வாய் காப்பி குடிங்கன்னு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்பாள். பெயர் வெட்டுவதற்கு முன்னால் மாமா ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மகன் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கி, பெயரின் எழுத்தைச் சரிபார்ப்பார். ஒரு தாய், பதிவேட்டில் உள்ள பெயரில் என் மகனை யாருக்கும் தெரியாது, “குருவி” என்று போடுங்கள் என்றாள். அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. மாமா இரண்டையும் வெட்டிவிட்டு, உளி தவறிவிட்டது என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப்போட்டார்.

1942-ல், அடுத்த யுத்தத்தின் நடுவில், வெண்கலச் சிலைகளையெல்லாம் உருக்குவதற்கு எடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. டாக்டர் சிலையை எடுக்க ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். கால்களை அறுத்துத்தான் எடுக்க முடியும் என்றார்கள். மாமாவுக்கு அப்போது எழுபது வயது. ரம்பத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். திருகாணிகள் எங்கே இருக்கின்றன என்று தனக்குத் தெரியும் என்றார். மண்டி போட்டு, அரைநாள், ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டி ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, “தன்னையே ஏத்திட்டுப் போறதைப் பாக்குற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும்?” என்று அப்பா சொன்னார். மாமா ஒன்றரை மாதம் பட்டறையைத் திறக்கவில்லை.

யுத்தம் ஓய்ந்த பின் புதிய மேயர் வந்து, அதே சிலையை மறுபடி செய்ய முடியுமா என்று கேட்டார். பழைய வார்ப்பு அச்சு ஈரத்தில் கரைந்துபோயிருந்தது. கல்லில் செய்கிறேன், மத்தூரன் வந்து உட்கார வேண்டும் என்றார் மாமா. அப்பாவுக்கு வயது எழுபது.

“டாக்டர் முப்பத்து மூணுலயே போயிட்டாரு. இந்தத் தொங்கல் கன்னத்த எங்க கொண்டு வெப்ப?” என்று அப்பா கேட்டார்.

“அவரு பிழைச்சிருந்தா இப்படித்தான் ஆயிருப்பாரு,” என்றார் மாமா. “நல்ல மனுஷன். வயசாக விடலாமே.”

எட்டு மாதம் செதுக்கினார். முகம் முடிந்தது, கை முடிந்தது. பிறகு அவர் கை ஒத்துழைக்கவில்லை. கோட்டின் முதுகுப்புறம் உளித் தடங்களோடு கரடுமுரடாகவே நின்றுவிட்டது. வேறு ஆளை வைத்து வழவழப்பாக்கலாம் என்றது நகராட்சி. அப்பா சபைக்கே போய், அந்த முதுகில் எவனாவது கை வைத்தால் ஊருக்கு ரொட்டி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். 1947 இலையுதிர் காலத்தில் சிலை அப்படியே வைக்கப்பட்டது. அந்த வாரமே பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் கல் கையில் மோவாயை வைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தபடி மாமா இறந்துபோனார். அடக்கத்துக்குப் பத்தொன்பது கிராமங்களிலிருந்தும் ஆட்கள் பேருந்திலும் மாட்டுவண்டியிலும் வந்தார்கள். குருவியின் அம்மாவும் வந்திருந்தாள். அப்பா தேவாலயத்துக்கு வரவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று, விடியற்காலையிலிருந்து தன்னந்தனியாக அடுப்பின் முன் நின்று, ரேஷனுக்கு வைத்திருந்த மாவு முழுவதையும் சுட்டுத் தீர்த்தார். ரேஷன் மாவு எங்கே போனது என்று கேட்க வந்த போலீஸ்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்து, ரொட்டிகளை வாசலுக்குத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.