வலது மோட்டாரின் காந்தங்கள்

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில், ஜொகூர் தம்போயில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த நான், நான்கு மாதம் வெட்டி, ஒட்டி, இரண்டு மோட்டார் வைத்த ரிமோட் விமானம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அது முதல்முறையாகப் பறக்க வேண்டும்.

அதற்குள் வலது மோட்டார் புகைந்து போனது. அதே அளவில் வேறொன்று வாங்கிப் பொருத்தினேன். இந்த மாதிரி விமானத்தில் இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறைந்த பக்கம் திரும்பித் தரையில் குத்திவிடும். அதனால் இரண்டின் கம்பியிலும் தலா ஒரு சின்ன சென்சார் வைத்தேன். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அது என் ரிமோட் திரைக்கு உடனுக்குடன் அனுப்பும். அந்த எண்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம்!

சனிக்கிழமை மாலை அக்காவை வாலைப் பிடிக்கச் சொல்லி மோட்டார்களை ஓடவிட்டேன். அக்கா சிங்கப்பூரில் வேலை செய்பவள். லீவு நாளில் கோவிலில் தேவாரம் பாடுவாள். திரையில் இடது ஏழாயிரம், வலது ஆறாயிரம். இடதைக் குறைத்து ஆறாயிரத்துக்குக் கொண்டுவந்தேன்.

"டேய், முன்னாடிதான்டா நல்லா இருந்துச்சு. அப்ப ரெண்டும் ஒரே சுருதி. இப்ப தனித்தனியா கத்துது" என்றாள்.

"அக்கா, இது பஜனை இல்ல. ரெண்டும் ஆறாயிரம், நீயே பாரு லா."

"சரிங்க, இஞ்சினியர் சார்."

மறுநாள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடல். விமானம் ஓடத் தொடங்கியதும் இடது பக்கம் இழுத்தது. "அலமாக்! கிரி, கிரி!" என்று பக்கத்தில் நின்ற மலாய் நண்பர் இடது பக்கத்தைக் காட்டிக் கத்தினார். ரிமோட்டில் வலது பக்கம் திருப்பிப் பார்த்தேன், விமானம் கேட்கவில்லை. சட்டென்று மோட்டாரை அணைத்தேன். லாலாங் புல்லில் உழுதுகொண்டு போய், கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இடது விசிறி முனை உடைந்திருந்தது. நான்கு மாத உழைப்பு! காரணம் தெரியாமல் மறுபடி விடக் கூடாது என்பது அந்தத் திடலில் விமானம் விடுவோரின் வழக்கம்.

"இப்பவாச்சும் கேப்பியா?" என்றாள் அக்கா.

"நேத்து எது உசந்த சுருதியில கத்துச்சு?"

"வலதுதான்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுருதி உயர்ந்தால் வேகமும் அதிகம்; திரை என்ன சொன்னாலும் வலதுதான் வேகமாகச் சுற்றியிருக்கிறது. சென்சார் சுற்றுகளை நேராகப் பார்ப்பதில்லை. மோட்டாருக்குள் காந்தங்கள் கடக்கும்போது எழும் துடிப்புகளை எண்ணி, மோட்டாரில் எத்தனை காந்தம் என்று நாம் சொல்லியிருக்கிறோமோ அதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. நான் இரண்டுக்கும் பதினான்கு என்று பதிந்திருந்தேன். பழைய மோட்டாரில் அதுதான் சரி. புதியதில் எண்ணிப் பார்த்தேனா? இல்லை.

வலது மோட்டாரின் வெளிக்கூட்டைக் கழற்றினேன். அக்கா கைப்பையிலிருந்த கண்மைப் பென்சிலால் முதல் காந்தத்தில் புள்ளி வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு. நானும் எண்ணினேன். பன்னிரண்டேதான்!

அதைப் பூட்டி, விசிறியை மாற்றி, வலதுக்குப் பன்னிரண்டு என்று பதிந்து ஓட்டினேன். இடது ஆறாயிரத்தில் நிற்க, வலது ஏழாயிரம் காட்டியது. ஒழுங்காக ஓடிய இடது மோட்டாரை நானேதான் கெடுத்திருக்கிறேன்! இடதைப் பழைய வேகத்துக்கே ஏற்றினேன். வாலைப் பிடித்திருந்த அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "இப்ப சேந்துருச்சு. விடுடா!"

கோடு போட்டதுபோல் நேராக ஓடி எழும்பியது. செம்பனை மரங்களுக்கு மேலே அது முதல் வட்டம் அடித்தபோது திடலே கைதட்டியது. அக்கா குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கோ பறந்துபோக, அதைத் தேடாமலே ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். இறங்கிய பிறகு, "அடுத்தது நான் ஓட்டுறேன், குடு" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

சென்சாரில் ஒரு குறையும் இல்லை. தவறான எண்ணைக் கொடுத்தவனும் நான், அதையே சாட்சிக்கு நிறுத்தி அக்காவைக் கிண்டல் செய்தவனும் நான். இன்றும் எண்கள் என்றால் எனக்கு உயிர்தான், ஆனால் யாராவது "ஏதோ சரியில்லையே" என்று சொன்னால், திரையைக் காட்டி அவர்கள் வாயை அடைப்பதில்லை. என்ன சரியில்லை என்று அவர்களிடமே கேட்கிறேன்.