வெளுத்த சிவப்பு, சிவந்த வெள்ளை

ஆமாம், சிரித்தேன். ஆசிரியர் அறையில் இருந்த நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சாவுச் செய்திக்குச் சிரித்தவள் என்ற பெயர் இனி போகாது.

நடந்தது இதுதான். பலாப்பழ வியாபாரி முத்துசாமி அண்ணன் போனில் பேசினார். பழனியம்மாக்காவின் கணவர்.

"பழனியம்மா போயிட்டாளுங்க டீச்சர்."

அக்கா எங்கே கிளம்பினாலும் முதலில் சாமியிடம் பூக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அதனால் வாய் முந்திக்கொண்டது. "பூக் கேட்டுட்டுத்தானே போனாங்க?"

"இதுக்குக் கேக்கலீங்க" என்றார் அவர்.

அப்போதுதான் புரிந்தது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. அவரும் சிரித்தார். அப்புறம் இருவரும் அழுதோம். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக: பழனியம்மாக்கா நம் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இந்த மலையில் வளப்பூர் நாட்டுக்காரர். நீங்கள் வாங்கும் விடுப்பு உத்தரவு, மாறுதல் உத்தரவு எல்லாம் அவர் விரல் வழியே வந்தவை. சாமியின் அனுமதிக்கும் இங்கே உத்தரவு என்றுதான் பெயர். ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னோர் இலையில் சிவப்பு அரளி. மடித்துச் சாமி முன் வைப்பார்கள். எதில் எது என்று தெரியாத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

"ஊருக்கெல்லாம் உத்தரவு டைப் அடிக்கறேன். எனக்கு ஒண்ணு வேணாமுங்களா?" என்பார் அக்கா.

எல்லாவற்றுக்கும் வேண்டும். ஃப்ரிட்ஜ் வாங்க. கண்ணாடி மாற்ற. பெரியசாமி கோயில் பூசாரி ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார், சாமியை அல்ல, அக்காவை. "கண்ணு, சாமிக்கு வேற சோலி இருக்குது. ஃப்ரிட்ஜுக்கு நீயே முடிவு பண்ணிக்க."

"தப்பாப் போயிட்டா?"

"தப்பாப் போனா ரிப்பேர் பண்ணு."

இலையை எடுப்பது என் வேலையாயிற்று. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த புதிதில் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அதிர்ச்சியடையவில்லை. மகிழ்ந்தார். "நீங்கதானுங்க சரியான ஆளு. எந்தப் பக்கமும் சாயாத கை." அப்படித்தான் ஒரு நாத்திகக் கை சாமியின் அஞ்சல்காரராக ஆனது.

முத்துசாமி அண்ணன் பெண் கேட்டது அந்த ஆண்டு மழைக்காலத்தில். அடிவாரத்துக்காரர். மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மலைமேல் செம்மேட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் வாங்க டெம்போவில் வருவார். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சிறு வயதில் ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருந்தது. இரண்டு வாரம் அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டைப் அடித்த உத்தரவுகளில் பெயர்கள் இடம் மாறின. தலைமையாசிரியருக்கே மகப்பேறு விடுப்பு வந்தது.

"புடிக்கலீங்களா அக்கா?"

"புடிச்சிருக்குதுங்க. அதான பயமே." சாப்பிடாத டிபன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "மொதோ கல்யாணத்த ஊரே முடிவு பண்ணுச்சு. தப்பாப் போச்சு, பழிய ஊரு மேல போட்டாச்சு. இது தப்பாப் போனா ஆரு மேலங்க போடறது?"

சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அண்ணன் கீழே ரோட்டில் டெம்போவோடு நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியைச் சந்தையில் யாரும் ஆஃப் செய்து பார்த்ததில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆள் சேர்த்துத் தள்ள வேண்டும்.

இலையை எடுத்தேன். பிரித்தேன். ரோஸ் நிற அரளி.

இன்னோர் இலையைப் பூசாரி பிரித்தார். அதுவும் ரோஸ்.

பூசாரிக்குக் கண்ணில் புரை. மழையில் மற்றச் செடிகளில் பூவெல்லாம் உதிர்ந்து போக, இருந்த ஒரே செடியில் ஒரு பூவை வெள்ளை என்றும் இன்னொன்றைச் சிவப்பு என்றும் நம்பிப் பறித்திருந்தார். விட்டுக்கொடுக்கவும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது செவந்த வெள்ளை, கண்ணு" என்றார்.

"இல்லீங்க, வெளுத்த செவப்பு" என்றார் அக்கா. "வேண்டாங்குது."

கீழேயிருந்து அண்ணன் கத்தினார். "ஏனுங்க! என்னங்க ஆச்சு?"

பூசாரி வாசலுக்கு வந்து கத்தினார். "சாமி யோசிக்குதப்பா!"

"யோசிக்கட்டுங்க! அவசரமில்லீங்க!"

பிறகு இன்ஜின் சத்தம் நின்றது.

அக்கா நிமிர்ந்தார். மலை முழுக்க அமைதியாகிவிட்டது போலிருந்தது. "டீச்சர், வண்டிய ஆஃப் பண்ணிட்டாருங்களா?"

"ஆமாங்கக்கா."

ரோஸ் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "பூவுல சொல்லல. வண்டியில சொல்லிருச்சு."

"அது தற்செயல்" என்றேன். படித்த படிப்பு.

"இருக்கட்டுமுங்க."

நாங்கள் மூவரும் தள்ளி, அண்ணன் ஓட்டி, வண்டி கிளம்பியது. பூசாரி வழியெல்லாம் திட்டினார். ஏறி உட்கார்ந்த பிறகு அக்காவிடம் மெல்லக் கேட்டேன், இன்னும் பயமாக இருக்கிறதா என்று.

"இருக்குதுங்க. ஆனா ஒண்ணு. நாம தப்பான பஸ்ஸுல ஏறிட்டா, சாமி என்ன, நீயே போய்க்கோன்னு எறங்கிருமுங்களா? அதுவும் டிக்கெட் எடுத்துட்டு உக்காந்துதான வரும்."

இதை நான் வகுப்பறையில் சொன்னதில்லை. எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் பயணச்சீட்டு நினைவுக்கு வருகிறது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து இருக்கை காலி என்று அடித்துச் சொல்லவும் இப்போது முடிவதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான். குறைவில்லை.

அக்கா வீட்டில் காரியம் முடிந்து அண்ணன் என்னைச் செம்மேட்டில் விட வந்தார். அதே டெம்போ. அடிவாரத்துக்கு இறங்கும் ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தினார். இன்ஜின் ஓடியது.

"கீழ என்ற ஊடு இருக்குது. மேல அவ ஊடு. எங்கிட்டுங்க டீச்சர் போறது? தப்பாப் போயிருமோன்னு இருக்குதுங்க. நீங்க ஒரு பூ எடுங்க."

பூ இல்லை. சுற்றிலும் அரளிச் செடியும் இல்லை.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்கண்ணா."

"அப்புறம் ஸ்டார்ட் ஆகாதுங்களே."

"தெரியுங்கண்ணா."

சாவியைத் திருப்பினார். உட்கார்ந்திருந்தோம். இரண்டு பஸ்கள் கடந்தன. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ ஊட்டுப் பலாவுல பிஞ்சு புடிச்சிருக்குதுங்க" என்றார் கடைசியில். "பழுக்கற மட்டும் மேல இருக்கறனுங்க. வேண்டாம்னா சாமி சொல்லும்."

நான் இறங்கி, பின்னால் போய், வண்டியைத் தள்ளினேன்.